பக்கத்துக் கதவு

பலகை மாறியிருந்ததை முதலில் பார்த்தவர் பால் ஊற்ற வந்த பெரியவர்தான். கேனை இறக்கி வைத்துவிட்டு, வழக்கம்போல் உடனே வண்டியைக் கிளப்பாமல், வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே தேங்காய் பன்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த கோகிலவாணி, "என்னுங்க, மழை வர்ற மாதிரி இருக்குதா?" என்று கேட்டாள்.

"மழையெல்லாம் இல்லம்மிணி. நீயே வந்து பாரு."

ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவுக்கு மேலே கையகலத்தில் இருந்த பலகை நேற்றுவரை பச்சை எழுத்தில் ‘பேக்கரி’ என்று காட்டியது. இப்போது சாம்பல் நிறத்தில் ‘காலி’ என்று காட்டியது.

"தப்பா வந்திருக்கும்" என்றாள்.

பெரியவர் நேற்றைய கேனை எடுத்து வண்டியில் மாட்டினார். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, "நாளைக்கும் இதே அளவு ஊத்தட்டுமா, கொறச்சுக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

கரட்டுப்பேட்டையில் அந்தப் பலகைகள் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒவ்வொரு கடைக் கதவுக்கு மேலும் ஒன்று. அந்தக் கதவுக்குப் பின்னால் மூன்று வருடம் கழித்து என்ன இருக்கும் என்று அது சொல்லும். மருந்துக்கடை மருந்துக்கடையாகவே இருக்குமா, நகைக்கடை ஆகுமா, இடித்துக் கட்டுவார்களா, பூட்டிக் கிடக்குமா. சொன்னதில் பெரும்பாலானவை பலித்தன. அதனால் ஊர் நம்பியது. ஊர் நம்பியதால் இன்னும் அதிகமாகப் பலித்தது. எது முந்தியது என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

கோகிலவாணியின் மகிழம் பேக்கரி இருந்தது பஞ்சுக்கிடங்கு வீதியில். பெயரில்தான் கிடங்கு. மில்கள் ஓய்ந்த காலத்திலேயே கிடங்குகளுக்குள் குறுக்குச் சுவர் வைத்துக் கடைகளாகப் பிரித்துவிட்டார்கள். பேக்கரி இருந்த இடத்தில் முதலில் சைக்கிள் வாடகைக்கு விட்டார்கள். பிறகு அங்கே பாட்டுக் கேசட் பதிந்து கொடுத்தார்கள். அப்புறம் பிரௌசிங் சென்டர், அதற்கப்புறம் செல்போன் கடை. எதிரே இருந்த தியேட்டர் கல்யாண மண்டபமாகி, மண்டபம் பார்சல் கம்பெனியின் குடோனாகி, இப்போது அதன் மொட்டை மாடியில் டிரோன்கள் வந்து இறங்கின. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வீட்டுக் காரணம் இருந்தது. அண்ணன் தம்பி பிரிந்தார்கள், மகன் வெளிநாடு போனான், அப்பா படுத்த படுக்கையானார். வீதியில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அத்தனை ஊர்களின் அத்தனை வீதிகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்த இயந்திரத்துக்கு வேறு ஏதோ தெரிந்தது.

மூன்று வருடம் கழித்து என்றுதான் பலகை சொன்னது. ஆனால் ஆட்கள் நாளைக்கே என்பதுபோல் நடந்துகொண்டார்கள். மைதா சப்ளை செய்தவர் மூட்டையை இறக்கும் முன் பணம் கேட்டார். பிறந்தநாள் கேக் சொல்லிவைக்க வந்த பெண்மணி, பலகையை ஒரு முறை பார்த்துவிட்டு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவள் வரவில்லை. கேக் மாஸ்டர் கதிரேசன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்க்கா. பஸ் ஸ்டாண்டு பேக்கரியில கூப்பிடறாங்க. அங்க பலகை பச்சையா இருக்குது. எனக்குப் பொண்ணு பாக்கறாங்க, கேக்கறவங்களுக்கு எங்க வேலைன்னு சொல்லோணுமில்லீங்களா."

கோகிலவாணியின் கணவர் மகுடீஸ்வரன் தானே மாவு பிசையத் தொடங்கினார். அதிகம் பேசாத மனிதர். கோவையில் படிக்கும் மகளிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

பக்கத்துக் கடை எபனேசருடையது. கல்யாண மாப்பிள்ளைகளுக்குக் கோட்டும் ஷெர்வானியும் வாடகைக்கு விடும் கடை. அவனுடைய மாமனார் தேவசகாயம் சொந்த இடத்தில் நடத்தி, மகள் ஷீபாவைக் கட்டிக்கொண்ட மருமகன் கையில் கொடுத்தது. இரண்டு கடைக்கும் நடுவே பழைய கிடங்கின் குறுக்குச் சுவர் ஒன்றுதான். அங்கே வேலை பார்க்கும் பாப்பாத்தியக்கா நீராவிப் பெட்டியால் கோட்டுகளைத் தேய்ப்பது இங்கே பன் அடுக்கும்போது கேட்கும். மாலையில் எபனேசர் டீ குடிக்க வருவான்.

"துணி போட்டு மூடிரலாமாக்கா?" என்று பலகையைக் காட்டிக் கேட்டான்.

"மூடினா அபராதம் போடுவாங்க எபி."

"அப்ப மேல ஒரு மாலையைப் போட்டுருவோம். செத்துப்போச்சுன்னு நெனைச்சுக்குவாங்க."

அவள் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போது மட்டும்தான். அவனுடைய பலகையில் ‘ஆடை வாடகை’ என்று பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

ஒரு மதியம் கடையில் ஆளே இல்லை. மகுடீஸ்வரன் கையைக் கழுவிவிட்டு, "வா, ஆழியாறு வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றார். கடை திறந்த நாளிலிருந்து அவர்கள் இப்படிச் சேர்ந்து வெளியே போனதில்லை. அணைக்கட்டுப் படிகளில் உட்கார்ந்து பொரித்த மீன் தின்றார்கள். காற்று பலமாக அடித்தது. அவர் ஏதோ ஒரு பழைய கல்லூரிக் கதையைச் சொல்ல, அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். திரும்பி வரும்போது, தான் சந்தோஷமாக இருந்ததே அவளைப் பயமுறுத்தியது. எல்லாம் கைவிட்டுப் போனவர்களுக்குத்தான் இப்படி ஊர் சுற்ற நேரம் கிடைக்கும் என்று தோன்றியது. மறுநாள் காலையிலேயே நகராட்சிக்குப் போனாள்.

பலகைப் பிரிவில் இருந்த பொறியாளர் நிவாஷினி சின்னப் பெண். மகளைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். திரையில் பஞ்சுக்கிடங்கு வீதியை வரவழைத்துப் பின்னோக்கி ஓட்டினாள். ஷட்டர்கள் மரக்கதவாகின, மாடிகள் கரைந்து ஓட்டுக்கூரையாகின, பெயர்ப்பலகைகள் சீட்டுக்கட்டு கலைவதுபோல் கலைந்தன.

"இது ஜோசியமாங்க?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"இல்லீங்க்கா. உள்ள நீங்க என்ன பாடுபடறீங்கன்னு இதுக்குத் தெரியாது. கரண்ட் எவ்வளவு போகுது, வாசல்ல எவ்வளவு பேரு நிக்கறாங்க, இதே மாதிரி வீதியில இதே மாதிரி நேரத்துல எது எதுவா மாறுச்சு. அவ்வளவுதான் பார்க்கும்."

"அப்ப அதை நீங்களே வச்சுக்க வேண்டியதுதானே. ஊருக்கெல்லாம் தெரியற மாதிரி எதுக்கு மாட்டி வைக்கோணும்?"

நிவாஷினி பேனாவைச் சுழற்றுவதை நிறுத்தினாள். "மொதல்ல மாட்டலீங்க. பெரிய கம்பெனிக்காரங்க மட்டும் வாங்கிப் பார்த்துட்டு இருந்தாங்க. எந்தக் கடை விழுகப்போகுதுன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும். விழுகறப்ப வந்து அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்க. அப்பத்தான் எல்லாருக்கும் தெரியட்டும்னு ஊர்ல போராட்டம் பண்ணினாங்க. அதுல எங்கம்மாவும் உக்காந்தாங்க. அதுதான் நியாயம்னு நானும் நெனைச்சேன்."

"இப்ப?"

"இப்ப இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். தெனமும் யாராவது வந்து அழுவாங்க."

கோகிலவாணி அழவில்லை. மாற்ற வழி இருக்கிறதா என்று கேட்டாள்.

மறுபரிசீலனைக்கு மனு போடலாம் என்றாள் நிவாஷினி. "ஆனா ஒண்ணு சொல்லிடறேங்க்கா. உங்க வரிசையில ஒரு கதவு காலியாகும்ங்கறதுல கணக்கு உறுதியா நிக்குது. எந்தக் கதவுங்கறதுலதான் தடுமாறுது. உங்களதுக்கும் பக்கத்துக் கதவுக்கும் நூலளவுதான் வித்தியாசம். நீங்க புதுசா அடுப்பு வாங்கறீங்க, மூணு வருஷத்துக்கு வாடகை ஒப்பந்தம் போடறீங்கன்னு வச்சுக்குங்க. கணக்கு உங்க பக்கம் சாயும்."

"அந்தக் காலி?"

"எங்கயாவது போயாகணுங்களே."

"எங்கன்னு சொல்லுங்க."

நிவாஷினி பெயர் சொல்லவில்லை. திரையில் விரலை ஒரு கதவு தள்ளி வைத்தாள்.

கோகிலவாணி எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "மனு போட்டது நாந்தான்னு அவங்களுக்குச் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

"பேரு சொல்ல மாட்டோங்க்கா."

அடுத்து வந்த நாட்களில் அவளால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. கல்லாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் வாசலுக்குப் போய் இரண்டு பலகைகளையும் மாறிமாறிப் பார்க்கத் தோன்றியது. எபனேசருக்கு மாமனார் வீட்டில் தோட்டம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். தங்களுக்கு இந்தக் கடையை விட்டால் எதுவும் இல்லை. அவன் சின்ன வயசு, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனாலும் மாலையில் அவன் வந்து டீ கேட்கும்போது அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கடைசியில் மனு போட்டாள். ஒப்பந்தமும் அடுப்பும் போதும், கடை நிற்கும் என்று அதிகாரி சொன்னதாகக் கணவரிடம் சொன்னாள். அந்தக் ‘காலி’ எங்கே இறங்கும் என்பதைச் சொல்லவில்லை. அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது இதற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

சில வாரம் கழித்து ஒரு காலை இரண்டு பலகைகளும் ஒன்றாக மாறின. பேக்கரி பச்சையானது. பக்கத்தில் சாம்பல் வந்தது.

எபனேசர் வீதியில் நின்று, இடுப்பில் கை வைத்துத் தன் கதவை நிதானமாகப் பார்த்தான். பிறகு நேராகப் பேக்கரிக்குள் வந்தான். "ஒரு டீ குடுங்க்கா." அவள் டம்ளரை வைத்தபோது டீ மேசையில் சிந்தியது. அவனே துணியை எடுத்துத் துடைத்தான்.

"உங்களது பச்சையாயிருச்சு. நல்லதுங்க்கா" என்றான்.

கல்யாண வியாபாரத்தில் ‘காலி’ என்ற சொல் மற்ற எந்த வியாபாரத்தையும்விட வேகமாக வேலை செய்தது. தை மாதக் கல்யாணத்துக்கு ஆடியிலேயே முன்பணம் கொடுப்பவர்கள், அபசகுனம் பிடித்த கடை என்று வேறு ஊருக்குப் போனார்கள். தேவசகாயம் பட்டப்பகலில் வீதியில் நின்று மருமகனைத் திட்டினார். "நாப்பது வருசமா நான் நடத்துன கடைடா. உன் கையில குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லோணும்." எபனேசர் தலையைக் குனிந்து நின்றான். பேக்கரிக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கோகிலவாணி உள்ளே போய்ச் சர்க்கரை டின்னைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள்.

முதலில் நின்றது பாப்பாத்தியக்காவின் வேலை. ஐம்பதைத் தாண்டியவள், தனியாள். கொஞ்ச நாள் பொறுங்கள், கூப்பிடுகிறேன் என்று எபனேசர் சொல்லியிருந்தான். ஒரு துணிப் பையோடு பேக்கரிப் படியில் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் தங்கச்சி மகளோடு தங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

அதற்குப் பிறகு மழைக்காலத்தில் ஒரு நாள், எபனேசரும் ஷீபாவும் வால்பாறைக்குக் குடிபோக லாரி வந்தது. ஷீபா கோகிலவாணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். கோகிலவாணி ஒரு பெரிய பெட்டி நிறைய பிளம் கேக் கட்டிக் கொடுத்தாள். அதைத் தவிர அவளால் எதையும் கொடுக்கவோ சொல்லவோ முடியவில்லை.

பேக்கரி நிமிர்ந்தது. பச்சைப் பலகை இருக்கும் கதவுகளுக்குள் மட்டும் நுழைவது ஊருக்குப் பழகிப்போயிருந்தது. ஆட்கள் நெரிசலாக நின்றார்கள். கதிரேசன்கூட ஒரு தடவை வந்து, வேலைக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார். மகுடீஸ்வரன் இன்னொரு கிளை பற்றிப் பேச ஆரம்பித்தார். கோகிலவாணிக்கு மட்டும் அந்தச் சுவரின் அமைதி பொறுக்கவில்லை. பன் அடுக்கும்போது காது அந்தப் பக்கமே போனது. ஒன்றுமில்லாத விஷயத்துக்குக் கணவரிடம் எரிந்து விழுந்தாள். காரணமில்லாமல் வீதியில் இறங்கி, ஒவ்வொரு கதவுக்கும் மேலே படித்துக்கொண்டே கோடிவரை போய்த் திரும்புவாள். சாம்பல் எழுத்துக்குக் கீழே இருந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். பச்சைக்குக் கீழே இருந்தவர்களுக்குத் தலை நிமிர நேரமில்லை.

ஒரு வாரம் கடையை மூடிவிட்டு மகளோடு எங்காவது போய் வரலாமா என்று கேட்டபோது, கட்டட உரிமையாளர் சிரித்தார். "எங்கம்மா போறது? ஒப்பந்தத்துல கடை தொறந்திருக்கோணும்னு இருக்குதே. பலகையே பேக்கரின்னு சொல்லுது. இனி நீங்க நெனைச்சாலும் நகர முடியாது."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவளுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. மறுநாள், மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கணவரிடம் பொய் சொல்லி, வால்பாறை பஸ்ஸில் ஏறினாள்.

ஷீபா போனில் சொன்ன அடையாளத்தைக் கேட்டுக் கேட்டு எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது, வாசலில் மஞ்சள் வேன் ஒன்று நின்றது. எபனேசர் ஏணியில் ஏறி அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வெயிலில் கறுத்து, கொஞ்சம் சதை போட்டிருந்தான். அவளைப் பார்த்ததும் ஏணியிலிருந்து குதித்து இறங்கினான்.

"அக்கா. என்னுங்க்கா இது, சொல்லாமக் கொள்ளாம."

பள்ளி விட இன்னும் நேரம் இருந்தது. எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தேயிலைச் சரிவில் மேகம் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. அவன் ஷீபாவுக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததைச் சொன்னான். ஒரு தடவை வளைவில் காட்டெருமை நின்றதையும், பிள்ளைகள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்ததையும் சொன்னான். அவன் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

அவள் குறுக்கிட்டாள். "எபி, நான் ஒண்ணு சொல்லத்தான் வந்தேன். உன் பலகை தானா மாறலை. நான் மனுப் போட்டேன். உன் கதவுக்குத்தான் போகும்னு அந்தப் பொண்ணு காட்டுச்சு. தெரிஞ்சேதான் போட்டேன்."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். வேனைப் பார்த்தான். பிறகு, "தெரியுங்க்கா" என்றான்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. மனு வந்தா பக்கத்துக் கதவுக்காரங்க போனுக்கும் தகவல் அனுப்பிக் கேப்பாங்க. உங்க கணக்கு எறங்கப்போகுது, ஆட்சேபணை இருக்குதான்னு. பேரு போடலை. ஆனா எங்க கடைக்கு இந்தப் பக்கம் சந்து, அந்தப் பக்கம் நீங்க. வேற யாரு?"

"ஆட்சேபணை சொல்லியிருந்தா?"

"அப்படியே நின்னிருக்கும். உங்களது காலியாவே இருந்திருக்கும்."

கோகிலவாணிக்கு மலைக்காற்றிலும் முகம் சூடானது. "அப்பறம் ஏன் சொல்லலை?"

அவன் டம்ளரை விரலால் நகர்த்தினான். பதில் தயங்கித் தயங்கி வந்தது.

"மாமனார் குடுத்த கடைங்க்கா. நானா விட்டா நன்றி கெட்டவன். ஷீபா மூஞ்சியில முழிக்க முடியாது. ஒவ்வொரு நாளும் அடுத்தவன் கல்யாணத்து வேர்வையை மோந்துட்டு, அந்த வாசல்லயே நின்னு கெழவனாகப் போறேன்னு நெனைச்சுட்டு இருந்தேன். பலகையும் அதையேதான் சொல்லிட்டு இருந்துச்சு, பச்சையா. நீங்க மனுப் போட்டதும் எனக்கு உசுரு வந்துச்சு. பலகையே போகச் சொல்லுது, நான் என்ன பண்றதுன்னு சொல்லிக்கலாம் பாருங்க."

"நீ தெனமும் வந்து டீ குடிச்சியே எபி."

"வந்தேன். நீங்க என் மூஞ்சியைப் பார்க்காம டம்ளரை வைப்பீங்க. அப்பவே சொல்லியிருக்கோணும். சொன்னா பாவப்பட்டு மனுவைத் திருப்பி வாங்கிருவீங்களோன்னு பயந்துட்டேன். போன மாசம் ஒரு வேலையா அங்க வந்தேங்க்கா. வீதி வழியாத்தான் போனேன். நீங்க கல்லாவுல உக்காந்திருந்தீங்க. கூட்டம் அள்ளுது. உங்க மூஞ்சி சரியில்லை. உள்ள வர எனக்குத் தைரியம் வரலை. என் எடத்துல உங்களைக் கட்டிப் போட்டுட்டு வந்த மாதிரி இருந்துச்சு. நீங்க மன்னிப்புக் கேக்க வந்திருக்கறீங்க. கேக்க வேண்டியவன் நானுங்க."

பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் அவள் இத்தனை வளைவுகள் ஏறி வந்தாள். இறங்கவில்லை. முதலில் வந்தது கோபம். ஒரு வருடமாகத் தூக்கமில்லாமல், மகளிடம்கூடச் சரியாகப் பேசாமல் தான் கிடந்தது இவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கோபத்துக்கு அடியில் வேறொன்று கிளம்பியது. அது என்னவென்று பிடிபட அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பாப்பாத்தியக்காகிட்ட என்ன சொன்னே?"

அவன் நிமிர்ந்தான்.

"எனக்கு வேணும்னு நான் மனுப் போட்டேன். உனக்கு வேணும்னு நீ பேசாம இருந்தே. அந்தம்மாவுக்கு யாரு தகவல் அனுப்பினா? அதுக்கு ஆட்சேபணை இருக்குதான்னு யாரு கேட்டா?"

"அவங்களுக்கு..." எபனேசர் சொல்லத் தொடங்கி நிறுத்தினான். "அவங்களுக்குக் கதவு இல்லீங்களேக்கா."

பள்ளி மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்து வேனை மொய்த்தார்கள். அவன் எழுந்து போக வேண்டியிருந்தது. இருந்தும் அவள் முன்னால் நின்றுகொண்டே இருந்தான். "போ, கொழந்தைங்க நிக்குது" என்று அவள்தான் அனுப்பினாள்.

இறங்கும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நிவாஷினியின் விரல் தள்ளிக் காட்டிய கதவிலிருந்து எபனேசரின் கடைசிச் சொல்வரை. மகுடீஸ்வரன் முழுவதையும் கேட்டார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்" என்றார் கடைசியில்.

"சொல்லியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். "தெரியலை வாணி" என்றார். அந்தப் பதிலுக்காக அவள் அவர்மேல் பிரியம் கொண்டாள்.

மறுநாள் காலை தேவசகாயத்தின் வீட்டுக்குப் போனாள். அவர் வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடையை வாடகைக்குக் கேட்டதும் காதில் சரியாக விழவில்லையோ என்று ரேடியோவை அணைத்தார்.

"காலின்னு போட்டிருக்கற கடையம்மா. ஒருத்தனும் எட்டிப் பார்க்கலை. உனக்கெதுக்கு?"

"வேணுங்கய்யா."

"பலகை சொல்லுதே, நிக்காதுன்னு."

"மூணு வருசம் கழிச்சுத்தானே சொல்லுது. அதுக்கு நடுவுல என்ன இருக்கும்னு அது ஒண்ணும் சொல்லலீங்களே."

கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வாடகையைப் பற்றிப் பேசவே இல்லை. சாவியை எடுத்து வந்து கொடுத்தபோது, "எம் மருமகன் நல்லா இருக்கானா?" என்று மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார். தான் அவனைப் பார்த்து வந்ததை எப்படிக் கண்டுபிடித்தார் என்று அவள் கேட்கவில்லை. நன்றாக இருக்கிறான் என்றாள்.

ஷட்டர் துருப்பிடித்திருந்தது. மகுடீஸ்வரனும் அவளுமாகச் சேர்ந்து தூக்கினார்கள். உள்ளே தூசி நாற்றம். வெறும் கம்பிகளும், சுவரில் கோட்டுகள் தொங்கிய இடங்களில் வெளிறாத நிறமும் மட்டும் இருந்தன. வீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் மேலே இருந்த எழுத்தைக் காட்டி எச்சரிக்கவும் செய்தார். அவள் போனை எடுத்து, பாப்பாத்தியக்காவின் தங்கச்சி மகளுடைய எண்ணை அழைத்தாள்.

பனியன் கம்பெனி இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே போன் கைமாறியது.

"அக்கா, பேக்கரி கோகிலா பேசறேன்."

"அம்மிணி, நீயா. எபி தம்பி கடை தொறந்துட்டாரா? அவருதான் கூப்பிடச் சொன்னாரா?" பாப்பாத்தியின் குரல் இரைச்சலுக்கு மேலே எழுந்து வந்தது. "எப்ப வேணா கூப்பிடுவாருன்னுதான் ரேசன் கார்டைக்கூட இன்னும் மாத்தலை. இங்க எல்லாரும் என்னையச் சிரிக்கறாங்க."

கோகிலவாணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூப்பிடுவார்கள் என்று ஒரு வருடமாக அந்த அம்மா காத்திருந்திருக்கிறாள். கடை போய்விட்டது என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

"எபி இப்ப வால்பாறையில இருக்கறானுங்க்கா. இனி வர மாட்டான். கடையை நான் எடுத்திருக்கேன். நீங்க வர்றீங்களா?"

அந்தப் பக்கம் இரைச்சல் குறைந்தது; போனோடு ஓரமாகப் போயிருக்க வேண்டும்.

"கோட்டுக் கடைதானா?" என்றாள் பாப்பாத்தி.

"இல்லீங்க. வேற."

"வேறன்னா, என்ன கடை?"

மகுடீஸ்வரன் துடைப்பத்தோடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது தெரிய வேண்டியிருந்தது.

"இன்னும் தெரியலீங்க்கா" என்றாள் கோகிலவாணி. "நீங்க வந்தப்பறம் ரெண்டு பேரும் உக்காந்து யோசிக்கலாம்."

பாப்பாத்தி போனை வாயிலிருந்து விலக்கி, பக்கத்தில் யாரிடமோ, "வீட்டுக்குப் போனதும் பரண் மேல இருக்கற என் பையை எறக்கிக் குடு, கண்ணு" என்று சொல்வது கேட்டது.